தொகுப்பு வீட்டுத் தொகைநிலை

தோற்றுவாய்

கோவில்பட்டியில் எட்டயபுரம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊர் தாண்டியதும் இரண்டு பொருள்கள் மாறி மாறி வரும். ஒன்று கரிசல் காடு, மற்றொன்று தொகுப்பு வீடு. கரிசலைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. இடைசெவல் என்ற ஒரே ஊரிலிருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு சாகித்ய அகாதமி. பிறகு பூமணி, சோ. தர்மன் என்று வட்டாரத்துக்கு இன்னும் இரண்டு. கி.ரா. கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்து வைத்துவிட்டுப் போனார். தொகுப்பு வீட்டுக்குத்தான் ஒருவரும் இலக்கணம் செய்யவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தொகைநிலைத் தொடரும் தொகாநிலைத் தொடரும் நடத்தினவன், பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று நானே துணிந்தேன்.

இந்த நூல் செய்ய எனக்குள்ள தகுதி ஒன்றுதான். ஊரில் யாருக்கு வீட்டு மனு எழுத வேண்டியிருந்தாலும் என் திண்ணைக்குத்தான் வருவார்கள். 'பெறுநர்' என்று போட்டு, நாலு விரற்கடை இடம் விட்டு, 'பொருள்: வீடு கோருதல் தொடர்பாக' என்று நான் எழுதின மனுக்களின் நகல் ஒரு சாக்கு தேறும். பழைய உரையாசிரியர்களுக்கு ஏட்டுச்சுவடி வாய்த்தது. எனக்கு இந்தச் சாக்கு.

பெயரியல்

குடிசை நீங்கிக் கான்கிரீட் ஏறி
அரசின் தொகையால் ஆவது எதுவோ
அதுவே தொகுப்பு வீடெனப் படுமே.

இதன் பொருள் வெளிப்படை. 'தொகுப்பு' என்றது என்னை எனின், ஒரு காலத்தில் ஒரே இடத்தில் வரிசையாகத் தொகுத்துக் கட்டினார்கள். அதனால் வந்த பெயர். இன்று அவரவர் மனையில் அவரவரே கொத்தனார் பிடித்துக் கட்டுகிறார்கள். வீடுகள் பிரிந்துவிட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊராட்சி கிளார்க்கு இதற்கு வேறு உரை சொல்வார். "ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக், நூறு நாள் அட்டை எல்லாத்தையும் தொகுத்துக் கொடுக்கணும்ல சார், அதான் தொகுப்பு வீடு." அதுவும் தள்ளத்தக்க உரை அன்று.

இனி, பெயர் விகாரப்படும் முறை. சந்தியில் விகாரம் மூன்று என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்: தோன்றல், திரிதல், கெடுதல். வீட்டுத் திட்டங்களுக்கும் அதே மூன்றுதான். 1985-ல் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தின் கிளையாகப் பிறந்து 1996-ல் தனிக்குடித்தனம் போன இந்திரா ஆவாஸ் யோஜனா, 2016-ல் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா ஆனது திரிதல். 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது தோன்றல். ஆறு ஆண்டில் 21 லட்சம் குடிசைகளையும் கான்கிரீட் ஆக்கிவிடுவது என்று அதற்குக் கணக்கு. 2011-ல் ஆட்சி மாறியதும் அது மறைந்தது கெடுதல். அந்த இடத்தில் முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் வந்து உட்கார்ந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்று பெயர் மறுபடி முளைத்தது. கெட்ட எழுத்து அதே இடத்தில் திரும்பத் தோன்றுவதற்கு நன்னூலில் விதி கிடையாது. அரசியலில் ஐந்தாண்டுக்கு ஒரு விதி உண்டு.

ஊர் வழக்கில் இந்தப் பெயர்கள் எதுவும் நிற்பதில்லை. 'எழுபத்தஞ்சாயிரம் வீடு', 'சோலார் வீடு', 'மூணரை லட்சம் வீடு' என்றுதான் சொல்வார்கள். யார் கொடுத்தார் என்பது மூன்றாம் வருஷம் மறந்துவிடும், எவ்வளவு கொடுத்தார் என்பது பேரன் காலம் வரை நிற்கும்.

இங்கே ஒரு பாடபேதமும் உண்டு. கனவு இல்லம் இரண்டு. சாகித்ய அகாதமி போன்ற விருது வாங்கிய எழுத்தாளர்களுக்கு வீடு கொடுக்க 2021-ல் அறிவித்த திட்டத்துக்கும் கனவு இல்லம் என்றே பெயர். குடிசையில் இருக்கிறவருக்கு 2024-ல் வந்ததும் கனவு இல்லம். என்னிடம் மனு எழுத வந்த ஒரு தாத்தா, "அதுக்குக் கதை எழுதணுமாமே, நமக்கு ஆகுமா" என்று கவலைப்பட்டார். வருமானச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்க அவர் சொன்ன கதைகளுக்கே ஒரு விருது தகும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

பெயரியலில் சிரித்துக்கொண்டே கடக்க முடியாத சொல் ஒன்று உண்டு. காலனி. வெள்ளைக்காரன் அகராதியில் அதற்கு வேறு பொருள். எங்கள் பக்கம், தாழ்த்தப்பட்டவர்களுக்கு அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் இருக்கும் இடம். முதலில் இடத்தைச் சுட்டி, பிறகு இடத்தில் இருப்பவரைச் சுட்டி, கடைசியில் வெறுப்பையே சுட்டிய இடவாகுபெயர் அது. "எந்தத் தெருடே?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை பதில் சொல்லாமல் பெருவிரலால் தரையைக் கீறுவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். ஆவணத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க ஒரு உத்தரவு போதும். டீக்கடையிலிருந்து எடுக்க என்ன வேண்டும் என்பது இலக்கணத்துக்கு வெளியே உள்ள கேள்வி. 1997-ல் சமத்துவபுரம் என்று தொடங்கினார்கள். நூறு வீடு, அதில் தாழ்த்தப்பட்டோருக்கு நாற்பது, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றோருக்குப் பத்து என்று கலந்து வைத்துக் கட்டினார்கள். முதல் ஊர் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டை. காலனி என்ற அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடிய ஒரே முயற்சி எனக்குத் தெரிந்து அதுதான்.

கூரையியல்

மேலோர் எண்ணுவது மேலுள கூரை;
கீழோர் அறிவது கீழுள கரிசல்.

முன்னடியை முதலில் பார்ப்போம். அரசாங்கம் குடிசையா வீடா என்று எண்ணும்போது சுவரைவிட, தரையைவிடக் கூரையைத்தான் பெரிதாக எண்ணுகிறது. ஓலை என்றால் குடிசை, கான்கிரீட் என்றால் வீடு. இதற்குக் காரணம் உண்டு, அதன் பெயர் தீ. 1968 கிறிஸ்துமஸ் இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். குடிசை என்றால் கொளுத்தலாம் என்பதை நாடு முழுக்கப் படித்துக்கொண்டது அன்றைக்குத்தான். 1974-ல் தாழ்த்தப்பட்டோருக்கான அரசு நிறுவனமாகத் தாட்கோ உருவானபோது அதன் பெயரிலேயே வீட்டு வசதி இருந்தது. அப்போது அது கட்டிய வீடுகளுக்கு அரசு வைத்த அடைமொழி 'தீப்பிடிக்காத'. அழகான வீடு, அகலமான வீடு என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. பிடிக்காமல் இருந்தால் போதும்.

தீப்பெட்டி ஊர்க்காரனுக்கு இந்த அடைமொழியில் கூடுதல் சுவை. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கட்டை அடுக்கினவர்கள். சட்டத்தில் குச்சியை வரிசையாகச் செருகிக் கொடுத்தால் கம்பெனியில் மருந்தில் முக்குவார்கள். உலகத்துக்கு நெருப்பு அனுப்பிக்கொண்டு, தன் தலைக்கு மேல் காய்ந்த பனையோலையை வைத்துக்கொண்டு இருந்த ஊர். ஆகவே கூரையை எண்ணியது தப்பு என்று இந்த நூல் சொல்லாது. கூரையோடு நிறுத்தியதைத்தான் சொல்லும். பின்னடிக்கு உரை பின்னால் வரும்.

நீக்கலியல்

யாருக்குக் கொடுப்பது என்பதைவிட யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கே விதி அதிகம். பிரதமர் திட்டத்தின் ஊரகப் பிரிவுக்கு 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு மூலபாடம். அதன் மேல் முதலில் பதின்மூன்று நீக்கல் சூத்திரங்கள். மோட்டார் பைக் இருந்தால் நீக்கம். ஃபிரிட்ஜ் இருந்தால் நீக்கம். லேண்ட்லைன் போன் இருந்தால் நீக்கம். இந்தக் கடைசி விதியை நான் வெகுகாலம் வியந்ததுண்டு. ஊரில் லேண்ட்லைன் இருந்த ஒரே இடம் போஸ்டாபீஸ். போஸ்டாபீஸ் வீடு கேட்டு மனுப் போட்டதில்லை. 2024-ல் பைக், ஃபிரிட்ஜ், போன் மூன்றையும் விலக்கிக்கொண்டார்கள்.

நிலத்தைப் பற்றிய பழைய சூத்திரம்தான் கரிசலுக்கு வாய்த்த பேறாக இருந்தது. 2024-ல் திருத்தும் வரை, நிலத்துக்குப் பாசன வசதியோ பாசனக் கருவியோ இருந்தால்தான் நீக்கம். எங்கள் பக்கம் எட்டு ஏக்கர் வைத்திருப்பவனும் மானாவாரி. உளுந்தோ மக்காச்சோளமோ போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவன். மழை பொய்த்தால் விதைத்த விதையும் போச்சு. தண்ணீர் இல்லாததால் அவன் ஏழை என்பதை ஊரே அறியும். தண்ணீர் இல்லாததால் அவனுக்கு வீடு உண்டு என்று ஒரு சூத்திரமாவது ஒத்துக்கொண்டது. எழுதினவருக்குக் கரிசலைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சில நல்ல காரியங்கள் கவனிக்காமல் நடப்பவை.

பட்டா இல்லாதவனுக்கு மட்டும் நடைமுறையில் எந்தச் சூத்திரத்திலும் புகலிடம் கிடையாது. பண்ணையாள்களுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்க 1971-லேயே சட்டம் வந்தும், ஓடைப் புறம்போக்கில் கூரை போட்டவன் இன்னும் ஓடைப் புறம்போக்கில்தான் இருக்கிறான். அவன் மனுவுக்கு நான் 'பொருள்' எழுதுவேன், மேற்கொண்டு எழுதக் கை வராது.

தொகையியல்

மறைந்தது ஒன்றுள தெனில்அது தொகையே;
மறையாத் தொகையை மாநிலம் அறியாது.

நூலின் உயிர்நிலை இது. இலக்கணத்தில் தொகை என்றால் இரண்டு சொல்லுக்கு நடுவே ஏதோ ஒன்று ஒளிந்து நிற்பது. மானியத்தொகையிலும் தொகை இருக்கிறது. இரண்டும் ஒரே சொல் என்பதை நான் முப்பத்திரண்டு வருஷம் நடத்தியும் கவனிக்கவில்லை, மனு எழுத ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பசுமை வீடு 300 சதுர அடிக்கு 1.80 லட்சம் என்று தொடங்கியது. அதில் 30 ஆயிரம் சோலார் விளக்குக்கு. மீதியை வகுத்தால் சதுர அடிக்கு 500 ரூபாய். பிரதமர் திட்டத்தில் 269 சதுர அடி. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் 1.20 லட்சம். இதற்கு மேல் தமிழ்நாடு அரசு முதலில் 50 ஆயிரம் போட்டுக் கொடுத்தது, பிறகு அதை 1.20 லட்சமாக உயர்த்தியது; கூட்டினால் 2.40 லட்சம், சதுர அடிக்கு 890 சொச்சம். கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம், வகுத்தால் 972. ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மாநிலம் மேலே போட்டுக் கொடுத்த அந்தக் கூடுதல் பணத்துக்கு அரசாணையில் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: கான்கிரீட் கூரைக்கு. கூரைதான் மறுபடியும். எங்கள் கொத்தனார் அண்ணாச்சியிடம் இந்தச் சதுர அடிக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தொகை ஆறு வகைப்படும். ஆறையும் ஒரே அளவில் விளக்க நான் பாடப்புத்தகம் எழுதவில்லை.

வினைத்தொகை: காலம் ஒளிந்திருப்பது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய். அதுபோல் 'கட்டு வீடு'. கட்டிய வீடு, கட்டுகிற வீடு, கட்டும் வீடு மூன்றும் ஒரே கட்டிடம்தான். பேஸ்மட்டம் முடிந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடு பேப்பரில் கட்டுகிற வீடு, வீட்டுக்காரன் வாயில் கட்டும் வீடு, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுக்கு என்றைக்கோ கட்டின வீடு. நீட்டிய கம்பியில் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டால் காலம் நிலைபெற்றுவிட்டது என்று அறிக.

வேற்றுமைத்தொகை: இதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்ற உருபுகளில் ஒன்று மறைந்து வரும். வீட்டைப் பொறுத்தவரை மறைவது பெரும்பாலும் 'ஆல்'. எதனால் கட்டினார்கள் என்பது.

எதிர்வீட்டு மயினிக்கு வீடு வந்தது. எந்தத் திட்டம் என்பது இங்கே வேண்டாம். விதி எல்லாத் திட்டத்துக்கும் பொது. சித்திரை மாசம் வானம் தோண்டினார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் குழிக்கு வானம் என்று பெயர் வைத்தவன் கரிசல்காரனாகத்தான் இருக்க வேண்டும். மேலே பார்த்து ஏமாந்தவன் கீழே ஒன்றைத் தோண்டி அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டான். அந்த மாசம் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மயினியின் பேத்தி ஒரு வெடிப்புக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, "உள்ள குளுகுளுன்னு இருக்கு தாத்தா" என்றாள்.

இரண்டடியில் நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்குக் கொத்தனார் தலையை ஆட்டினார். "செவக்காடுன்னா போதும் வாத்தியாரய்யா. இது கரிசல். மழைக்கு வீட்ட மேல தூக்கும், கோடைக்குக் கீழ விடும். பிள்ளத் தொட்டில் கணக்கா ஆட்டும். சுக்கான் தட்டுற மட்டும் போகணும்." சுக்கான் பாறை ஐந்தரை அடியில் தட்டியது. கடப்பாரை முனை வெள்ளையாக வந்தது. எஸ்டிமேட்டில் இருந்த ஆழம் அதில் பாதிகூட இல்லை. எஸ்டிமேட் போட்டவருக்கு மண் எல்லாம் ஒரே மண்.

இது கொத்தனாரின் மூடநம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்றொரு களிமண் கனிமம் உண்டு. அட்டை அட்டையாக அடுக்கிய அதன் இதழ்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து உப்பும், வெயிலில் வற்றிச் சுருங்கும். இதற்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம், அடிப்பக்கம் குடம்போல் அகன்ற குத்துத்தூண் அஸ்திவாரத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துக் கொடுத்தது. நாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. வீட்டுத் தொகையில் அதற்கு ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். மலைப்பகுதி என்றால் பிரதமர் திட்டத்தில் 1.20 லட்சம் 1.30 ஆகும். மேடாக இருந்தால் பத்தாயிரம் கூடும். மூச்சு விடுகிற மண்ணாக இருந்தால் ஒன்றும் கூடாது. மேடு கண்ணுக்குத் தெரிகிறது, பாவம்.

சரள் இரண்டு டிராக்டர், கல் ஒரு லோடு, மூன்று ஆளுக்கு மேற்கொண்டு நான்கு நாள் கூலி. மயினி வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். "தம்பி, ஒரு எட்டு வட்டிக்கடைக்கு வாறீகளா?" என்றார். முக்கால் பவுன் கம்மல்.

இங்கே தவணை விதியைச் சொல்ல வேண்டும். பணம் மொத்தமாக வராது; பேஸ்மட்டம், லிண்டல், கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓவர்சீயர் கைப்பேசியோடு வந்து, வீட்டுக்காரரை முன்னால் நிறுத்திப் படம் பிடிப்பார். இடம் எது, நாள் எது என்று படத்திலேயே பதிவாகிவிடும். கட்டாத வீட்டைக் கட்டியதாகக் காட்டிப் பணம் எடுத்த காலம் ஒன்று இருந்ததால் வந்த விதி, நல்ல விதிதான். மயினியின் மகன் அந்தப் படங்களைத் தன் போனிலும் வைத்திருக்கிறான். வரிசையாகப் பார்த்தேன்.

முதல் படம், பழைய குடிசை முன்னால். மயினி காதில் கம்மல். பின்னால் வேப்பமரத்தில் இரண்டு வெள்ளாடு. இரண்டாவது, பேஸ்மட்டம். காதுத் துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். மூன்றாவது, லிண்டல். ஒரு ஆடுதான் நிற்கிறது. நான்காவது, கூரை போட்ட வீடு. சென்ட்ரிங் பலகை இன்னும் பிரிக்கவில்லை. மரத்தடியில் கயிறு மட்டும் கிடக்கிறது. ஓவர்சீயர் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் வீட்டை. உரையாசிரியன் பார்க்க வேண்டியது படத்தின் ஓரத்தை. 'தொகுப்பு வீடு' என்ற தொடரை விரித்தால், 'கம்மலாலும் ஆட்டாலும் வட்டியாலும் கட்டிய வீடு' என்று வரும். உருபும் பயனும் சேர்ந்து மறைந்த தொகை என்று பள்ளிக்கூடத்தில் சொல்வோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு வகுப்பில் கிடைத்ததில்லை.

உம்மைத்தொகை: மத்தியும் மாநிலமும். 'உம்' மறைந்திருக்கும், சண்டை மறைந்திருக்காது. யார் பெயர் சுவரில் பெரிதாக இருக்க வேண்டும் என்பதே பொருள். வெள்ளையடிக்கும்போது இரண்டும் போய்விடும்.

பண்புத்தொகை: பசுமை வீடு. பண்பு இங்கே ஐந்து விளக்கு: கூடம், படுக்கையறை, அடுப்படி, கழிப்பறை, வராந்தா என்று ஒவ்வொன்று. பேட்டரி இளைத்ததும் எங்கள் ஊரில் பண்பு மறைந்தது, தொகை நின்றது.

உவமைத்தொகை: கனவு இல்லம். கனவு போன்ற இல்லமா, கனவாகிய இல்லமா, கனவில் கண்ட இல்லமா என்று மூன்று கட்சி. 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்று கணக்கு சொல்லியிருப்பதால் தீர்ப்பை அதுவரை ஒத்திவைக்கிறேன்.

அன்மொழித்தொகை: சொன்ன சொல் இரண்டிலும் இல்லாமல் வெளியே வேறொன்றைச் சுட்டுவது. இதை விளங்கிக்கொள்ளச் சித்திரை மாசம் பகல் இரண்டு மணிக்கு எங்கள் ஊருக்கு வர வேண்டும். தொகுப்பு வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே மிளகாய் வத்தல் மூட்டை, உளுந்து, ரேஷன் அரிசி, மகளுக்குச் சீராக வாங்கி வைத்த கட்டில் எல்லாம் இருக்கும். ஆள் இருக்காது. ஆள் பின்னாலோ பக்கத்திலோ இறக்கிய ஓலைத் தாழ்வாரத்தில் படுத்திருப்பார்கள். கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரிதான் கக்கும். எந்த ஓலையை ஒழிக்க வீடு வந்ததோ அந்த ஓலையில்தான் வீட்டுக்காரர் தூங்குகிறார். வீடு என்ற சொல் இங்கே தனக்கு வெளியே இருக்கும் குடிசையைச் சுட்டி நின்றமையால் அன்மொழி ஆயிற்று. நியாயமாகச் சொன்னால், கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300 அடி கான்கிரீட்டாக இருக்கட்டும், மீதி 60 அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்களே, அந்த 60 அடியை எழுதினவர் ஒரு சித்திரையையாவது கான்கிரீட்டுக்கு அடியில் கழித்தவர். அவருக்கு என் வணக்கம்.

திருப்பூரிலும் சென்னையிலும் பிழைக்கப் போனவர்களின் பூட்டிய வீடுகளும் அன்மொழியே. சுட்டும் இடம் மட்டும் தூரம்.

தொகாநிலை

எதுவும் மறையாமல் வருவது தொகாநிலை. இதற்கு எடுத்துக்காட்டு கடல் தாண்டித்தான் கிடைத்தது. சிங்கப்பூரில் 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வைத்தார்கள். நிலமும் அரசு, கட்டுவதும் அரசு. இலவசம் கிடையாது, வருங்கால வைப்பு நிதியிலிருந்து கட்டி 99 வருஷக் குத்தகைக்கு எடுப்பது. இன்று அந்நாட்டு மக்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே மறையாமல் வந்தது பணம் மட்டுமில்லை, மண்ணைச் சோதித்துப் பார்க்கிற வேலையும்தான். நம்முடைய முறையில் தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, 'கட்டிக்கொள்' என்கிறோம். சொந்த வீட்டைத் தானே நின்று கட்டுகிறவன் சிமெண்டில் மண் கலக்கமாட்டான் என்ற நன்மை இதில் உண்டு. கலப்பதற்கு எவ்வளவு சிமெண்ட் என்று அவனே தீர்மானிக்க முடியாது என்ற தீமையும் உண்டு.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க இத்தகைய முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட அறிவிப்பு வந்தது; அகதி முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பட்டா கேட்க முடியாதவர்களுக்கு வீடு. நீக்கலியலில் சொன்ன விதி இங்கே நல்லவேளையாக மீறப்பட்டது. இலக்கணத்தில் இதைப் புறனடை என்போம். இந்தத் தென்பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து பஞ்சத்துக்குக் கண்டித் தோட்டத்துக்குப் போய் லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவர்கள் உண்டு. அந்த லயமும் ஒரு தொகுப்பு வீடுதான், தோட்டத்துரை கட்டியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளவு சொல்வார்கள். வகைப்படுத்தத் தொடங்கினால் அதற்கே தனி நூல் வேண்டும், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

எச்சவியல்

மயினி புது வீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடிபோய் முதல் கோடையில் அடுப்படிச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் விழுந்தது. சுக்கான் வரைக்கும் போயும் விழுந்ததா என்று நான் கொத்தனாரைக் கேட்டேன். "போனதுனாலதான் கீறலு. போகலைன்னா பிளவு" என்றார். பிறகு பையிலிருந்து தச்சன் பென்சிலை எடுத்து, கீறல் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். கோட்டைத் தாண்டிக் கீறல் ஓடினால் தனக்குச் சொல்லி அனுப்பும்படி மயினியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி அடைமழையில் நான் குடையோடு போய்ப் பார்த்தேன். மண் உப்பி, கீறல் மூடிக்கொண்டிருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. பென்சில் கோடும் தேதியும் மட்டும் வெறும் சுவரில் நின்றன. மயினி அதன் மேல் வெள்ளையடிக்க விடவில்லை. அடுத்த சித்திரைக்கு வேண்டுமாம்.